பள்ளி வாசலில் 50 மீட்டர்: சேர்க்கைப் பொருள், உடல் எடை, சட்டம் – கோத்தகிரி வட்டத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரி வட்டத்தில் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கும் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி இது. 6 முதல் 10 வரை வகுப்புகள். பிள்ளைகளில் ஒரு பகுதியினர் சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்களிலிருந்து) வருகிறார்கள். மற்றவர்கள் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் பஜாரை ஒட்டிய தெருக்களிலிருந்தும் வருபவர்கள். ஒரு தலைமுறைக்கு முன் இதே சரிவுகளில் ஏறி இறங்கித்தான் பள்ளிக்கு வந்தார்கள். இப்போது மினி பஸ்ஸும் ஜீப்பும் வந்துவிட்டன. முதல் வண்டி காலை ஏழே காலுக்கு.

பள்ளியைச் சுற்றி நான்கு விற்பனை இடங்கள். வாசலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை, கீழ்ச் சாலையில் ஒரு பேக்கரி, மேல் வளைவில் ஒரு மளிகைக் கடை, மணி அடிக்கும் நேரத்துக்கு வந்து நிற்கும் ஒரு தள்ளுவண்டி.

பள்ளி மருத்துவப் பரிசோதனையில், முந்தைய ஆண்டைவிடக் கூடுதலான பிள்ளைகள் அதிக எடைப் பட்டியலில் வந்தார்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு மனு எழுதப்பட்டு உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குப் போனது. மனுவின் சாரம்: கலரும் அஜினோமோட்டோவும் போட்ட பாக்கெட்டுகளால்தான் பிள்ளைகள் பருத்துப் போகிறார்கள், பள்ளிப் பக்கம் அவற்றை விற்கத் தடை வேண்டும். கூடவே இன்னொரு புகாரும் இருந்தது. கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள் பந்து போல உப்பியிருக்கின்றன, கெட்டுப்போனதைத்தான் விற்கிறார்கள் என்று.

உப்பிய பாக்கெட் விஷயம் ஒரே நாளில் தீர்ந்தது. எண்ணெய் சிக்கு வாடை பிடிக்காமலிருக்க அந்தப் பாக்கெட்டுகளில் நைட்ரஜன் அடைக்கிறார்கள். அதுவும் 941 என்ற எண்ணுடைய அனுமதிக்கப்பட்ட சேர்க்கைப் பொருள்தான் (சுவை, நிறம், பதம், கெடாமை போன்றவற்றுக்காக உணவில் சேர்ப்பது; ஒவ்வொன்றுக்கும் உறையில் அச்சிடும் சர்வதேச எண் ஒன்று உண்டு). சமவெளியில் அடைத்த பாக்கெட், காற்றழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த இந்த உயரத்துக்கு வந்தால் உப்பத்தான் செய்யும். முதல் புகாருக்கு அவ்வளவு எளிதில் பதில் கிடைக்கவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், தலைமை ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், பெற்றோர் இருவர் சேர்ந்து ஒரு சிறு குழுவாக இதைக் கையில் எடுத்தார்கள்.

எடையை மறுபடி பார்த்தது

மருத்துவர் முதலில் கேட்டது பாக்கெட்டைப் பற்றி அல்ல, தராசைப் பற்றி. முந்தைய ஆண்டு பரிசோதனை வெயில் காலத்தில் நடந்தது. இந்த ஆண்டு மழைக்காலத்தில், ஸ்வெட்டரோடு எடை பார்த்தார்கள். உயரத்தை மட்டும் வெறுங்காலில் எடுத்திருந்தார்கள். 150 செ.மீ. உயரமும் 40 கிலோ எடையும் உள்ள பிள்ளைக்கு உடல் நிறை குறியீடு (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 17.8. கனத்த ஸ்வெட்டரும் ஷூவும் சேர்ந்து ஒரு கிலோ கூட்டினால் அது 18.2 ஆகிவிடும். எல்லைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் பிள்ளைகள் பலர் இதனாலேயே கோட்டைத் தாண்டிவிடுவார்கள்.

ஆகவே எல்லோரையும் மறுபடி அளந்தார்கள். தராசைச் சிமெண்ட் தரையில் வைத்து நீர்மட்டம் பார்த்தார்கள். மரப்பலகைத் தரை எடையைக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு வகுப்பு தொடங்கும் முன்பும் 10 கிலோ படிக்கல்லை வைத்துச் சரிபார்த்தார்கள். ஸ்வெட்டர், ஷூ, பெல்ட் கழற்றி, சத்துணவுக்கு முன், முற்பகலிலேயே அளவை முடித்தார்கள். பெண் பிள்ளைகளைத் தனி அறையில் ஆசிரியை ஒருவர் அளந்தார். எண்ணை உரக்கப் படிக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். பருமனான பிள்ளையின் எடை வகுப்புக்கே கேட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும். கிடைத்த எண்களை இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2015 வளர்ச்சி வரைபடத்தில் குறித்தார்கள். 5 முதல் 18 வயது வரைக்குமான அந்த வரைபடத்தில், வளர்ந்தவர்களின் 23, 27 என்ற குறியீட்டுக்கு இணையான கோடுகளே அதிக எடைக்கும் உடல் பருமனுக்கும் எல்லை.

பட்டியல் சுருங்கியது, காலியாகிவிடவில்லை. ஸ்வெட்டர் கணக்கைக் கழித்த பிறகும் எல்லா வகுப்பிலும் அதிக எடையுள்ளவர்கள் இருந்தார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை அல்லது பருமன் வரம்பில் இருந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், பிள்ளைகளிடம் அது தெரிவதில் வியப்பில்லை.

குப்பைக் கூடையில் கிடைத்தது

பிள்ளைகள் என்ன தின்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டால் உண்மை பாதிதான் வரும். பதிலாக, பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படை மாணவர்களைக் கொண்டு ஒரு வாரம் பள்ளி வளாகக் குப்பைக் கூடைகளிலிருந்தும் வாசல் ஓரத்திலிருந்தும் உறைகளைப் பொறுக்கி வகை பிரித்தார்கள். பேக்கரிப் பண்டத்துக்கு உறை கிடையாது; அதற்குக் கடைக்காரரின் விற்பனைக் கணக்கையே எடுத்துக்கொண்டார்கள்.

உறைகளில் இருந்த எண்களைப் படித்தபோது மனுவில் சொன்னதைவிடப் பட்டியல் நீண்டது. கார வகைகளில் 627, 631 என்ற சுவையூட்டிகள், சிலவற்றில் அஜினோமோட்டோவான 621. நூடுல்ஸில் இன்னொரு சுவையூட்டியான 635, கெட்டிப்படுத்தும் குவார் பிசினான 412, கேரமல் நிறமான 150-டி. கிரீம் பிஸ்கட்டில் 322, 472-இ என்ற பால்மமாக்கிகள் (எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்து வைப்பவை), 500, 503 என்ற உப்பவைக்கும் உப்புகள். நெடுநாள் கெடாத கப் கேக்கில் 471, 475 என்ற பால்மமாக்கிகள், ஈரம் காக்கும் 422, பூஞ்சை தடுக்கும் 202. ஆரஞ்சு பானத்தில் 110 என்ற நிறம், கெடாமல் காக்கும் 211, புளிப்புக்கு 330. ‘சர்க்கரை இல்லை’ என்ற பானத்தில் 950, 955 என்ற இனிப்பூட்டிகள். சிறிய பாட்டிலில் வரும் எனர்ஜி டிரிங்கில், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற எச்சரிக்கை பொடி எழுத்தில் இருந்தது. லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையாத கஃபீன் உள்ள பானத்துக்கு இந்தியாவில் அந்த எச்சரிக்கை கட்டாயம்.

எண் எதுவுமே இல்லாத உறைகளும் கிடைத்தன. ஒன்று, ஜெல்லி, புளி மிட்டாய் போன்ற குட்டிப் பொட்டலங்கள். மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத உறைக்கு, உட்பொருள் பட்டியலையும் ஊட்டச்சத்து விவரத்தையும் அச்சிடுவதிலிருந்து சட்டமே விலக்கு அளிக்கிறது. அந்த விவரம் பெரிய அட்டைப் பெட்டியில் இருக்கும். கடைக்காரர் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சரத்தை மட்டும் தொங்கவிடுவார். அதிகம் கவலைப்பட வேண்டிய வயதினர் அதிகம் வாங்குவது எதுவோ, அதில்தான் படிக்க ஒன்றும் இல்லை. இன்னொன்று, தள்ளுவண்டியில் வெறும் பாலித்தீன் பையில் கட்டி விற்ற இளஞ்சிவப்பு மிட்டாய். அதில் தயாரித்தவர் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

எண்ணிக்கையில் முதலிடம் எதற்கு என்பது குழுவில் பலர் எதிர்பாராதது. சிப்ஸும் நூடுல்ஸும் பின்னால் நின்றன. முன்னால் நின்றது பேக்கரியின் கிரீம் பன். காலை எட்டே கால் முதல் எட்டே முக்கால் வரைதான் அதன் விற்பனை. காரணத்தை விசாரித்தால் நேரடியானது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குத்தான். ஏழே கால் வண்டியைப் பிடிக்க வெறும் டீயோடு கிளம்பும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சத்துணவு வரை வேறு வழியில்லை, பன் தின்கிறது. கூடவே, கோத்தகிரிக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர், நவம்பரில் மைதானம் சேறாகிவிட்டால் விளையாட்டு வகுப்பும் போய்விடும்.

ஆய்வகமும் அனுமதி எல்லையும்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் இரண்டு விதமாக மாதிரி எடுத்தார். பாக்கெட் வகைகளுக்கும் பேக்கரிப் பண்டங்களுக்கும் கண்காணிப்பு மாதிரி: நிலைமையை அறிய மட்டும், அதை வைத்து வழக்கு போட முடியாது. இளஞ்சிவப்பு மிட்டாய்க்குச் சட்டப்பூர்வ மாதிரி. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி அதை நான்கு பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு மாவட்டப் பொறுப்பிலுள்ள நியமன அலுவலரிடம், நான்காவது வியாபாரி கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். மலையில் மாதிரி கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். சர்க்கரை மிட்டாய் காற்றுப்புகாத உலர்ந்த பாட்டிலில் போகாவிட்டால் வழியிலேயே கசிந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நான்கு பங்கும் ஒரே மாதிரி இல்லை என்ற வாதத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

முடிவுகள் மூன்று விதமாக வந்தன. பாக்கெட் வகைகள் எல்லாமே வரம்புக்குள் இருந்தன. பேக்கரி கேக்கின் மேல்பூச்சில் அனுமதிக்கப்பட்ட நிறம்தான், ஆனால் வரம்பைத் தாண்டிய அளவு. இளஞ்சிவப்பு மிட்டாயில் இருந்தது ரோடமைன்–பி. துணிக்குப் போடும் சாயம் அது. உணவில் எந்த அளவிலும் கூடாது. பஞ்சு மிட்டாயில் இதே சாயம் கண்டுபிடிக்கப்பட்டுத்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது. மிட்டாய் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. சரக்கு பறிமுதல் ஆனது, வழக்கு தனியாகப் போனது.

பெற்றோர் கேட்டதற்கு நேரடித் தொடர்புள்ளது முதல் முடிவு. வரம்புக்குள் இருந்தால் அது எடை விஷயத்திலும் பாதுகாப்பு என்று அர்த்தமா? வரம்பு எப்படி வருகிறது என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

ஆரஞ்சு நிறமான 110ஐ எடுத்துக்கொள்வோம். விலங்குச் சோதனைகளில் தீங்கு தெரியாத அளவை எடுத்து, வழக்கமாக அதை நூறால் வகுத்து, தினமும் வாழ்நாள் முழுக்க உட்கொள்ளத்தக்க அளவை உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்த வல்லுநர் குழு தீர்மானிக்கிறது. இந்த நிறத்துக்கு அது உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் வரை. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளுக்கு 120 மில்லிகிராம். இந்தியாவில் மிட்டாய், கேக் வகைகளில் செயற்கை நிறத்துக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். அதாவது வரம்பு முழுவதையும் பயன்படுத்திய மிட்டாயில் 1.2 கிலோ தின்றால்தான் நிறம் எல்லையைத் தொடும். ஆனால் 1.2 கிலோ சர்க்கரை மிட்டாயில் 4,500 கிலோகலோரிக்கு மேல் இருக்கும். நிறத்தின் எல்லை வரும் முன்பே பிள்ளை இரண்டு நாள் சாப்பாட்டை விழுங்கியிருக்கும். சட்டம் ஒவ்வொரு பொருளையும் தனியாக நிறுத்தி நஞ்சா என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குச் சரியான பதிலும் தருகிறது. பண்டம் முழுவதையும் வைத்து எடை கூட்டுமா என்பது அந்த வரம்புகளைப் போட்டவர்களிடம் கேட்கப்படாத கேள்வி.

எடைக்கும் சேர்க்கைப் பொருளுக்கும் இடையே தெரிந்தவை

மருத்துவர் பெற்றோருக்கு விளக்கியது இதைத்தான், கூட்டாமல் குறைக்காமல்.

பால்மமாக்கிகள் பற்றிய சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு. 2015இல் வெளியான எலி ஆய்வில், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் (466), பாலிசார்பேட் 80 (433) ஆகியவற்றைக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது குடல் நுண்ணுயிர்கள் மாறின, குடல் சுவரில் லேசான அழற்சி வந்தது, எலிகள் கூடுதலாகத் தின்று கொழுத்தன. 2022இல் வந்த மனித ஆய்வு சிறியது: 16 பேர், 11 நாள், ஒரு பிரிவுக்குத் தினமும் 15 கிராம் 466. அவர்களின் குடல் நுண்ணுயிர்க் கலவை மாறியது. ஆனால் 15 கிராம் என்பது சாதாரண உணவில் கிடைப்பதைவிட மிக அதிகம். எடை கூடுமா என்று சொல்ல 11 நாள் போதாது. 466க்கு இன்றுவரை எண்ணளவில் வரம்பு கிடையாது. தேவையான அளவு போடலாம் என்பதே விதி. இந்த இடத்தில் சட்டம் அறிவியலுக்குப் பின்னால் நிற்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இனிப்பூட்டிகள்: எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. அவை நஞ்சு என்பதல்ல அதன் பொருள். நீண்ட காலத்தில் எடை குறைக்க உதவவில்லை என்பதுதான். அஜினோமோட்டோவைப் பொறுத்தவரை, மனிதரில் எடையோடு அதைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை.

எல்லாவற்றையும்விட வலுவான சான்று ஒரு தனிப் பொருளைப் பற்றியது அல்ல. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்ட சோதனையில் 20 பேர் உள்நோயாளிகளாகத் தங்கினார்கள். இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் எளிய உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம்; எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். பதப்படுத்திய உணவில் நாளுக்கு ஏறக்குறைய 500 கிலோகலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், சராசரி 0.9 கிலோ கூடினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தார்கள். மென்மை, வேகமாக விழுங்க முடிவது, கெடாமல் எப்போதும் கைக்கெட்டுவது, இவை மூன்றையும் சாத்தியமாக்குவதில் சேர்க்கைப் பொருளுக்குப் பங்கு உண்டு. குற்றவாளி அந்தப் பொருள்தான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அதில்லாமல் அந்தப் பண்டம் அந்த விலையில், அந்தப் பெட்டிக்கடையில் இருந்திருக்காது என்று மட்டும் சொல்லலாம்.

ஏன் எண்களைத் தடை செய்யவில்லை

‘எண் போட்ட எதுவும் வேண்டாம்’ என்ற யோசனைக்குப் பெற்றோரிடம் ஆதரவு பலமாக இருந்தது. குழு அதை ஏற்கவில்லை. 500 என்பது வீட்டு ஆப்பசோடா, 330 எலுமிச்சையின் புளிப்பு, 300 வைட்டமின் சி. எண்ணைத் தடை செய்தால் இவை போய்விடும். எண்ணே இல்லாத, வனஸ்பதியில் பொரித்துச் சர்க்கரையில் புரட்டிய உள்ளூர்ப் பண்டம் உள்ளே வரும். 621ஐ மட்டும் தடை செய்தால், அதே சுவையை 627ம் 631ம் தரும் பாக்கெட் மறுநாள் வந்துவிடும்.

கையில் ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. 2020ஆம் ஆண்டுப் பள்ளிக் குழந்தைகளுக்கான பாதுகாப்பான உணவு, சமச்சீர் உணவு ஒழுங்குமுறைகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலோ வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ பிள்ளைகளுக்கு விற்கவும் விளம்பரம் செய்யவும் கூடாது. சேர்க்கைப் பொருளைப் பற்றிப் பேசாத இந்த விதிதான் மனுவின் நோக்கத்துக்கு மிக அருகில் இருந்தது. ஆனால் ‘மிகுந்த’ என்றால் எவ்வளவு என்பதற்குக் கடைக்காரரிடம் காட்ட ஓர் எண் வேண்டும். குழு உறையின் பின்பக்கத்தையே அளவுகோலாக்கியது. 2020 லேபிள் விதிகள், நாளுக்கு 2,000 கிலோகலோரி என்ற கணக்கில் சேர்த்த சர்க்கரை 50 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம் என்று வைத்து, ஒரு பரிமாறலில் அதில் எத்தனை விழுக்காடு என்று அச்சிடச் சொல்கின்றன. ஒரு பாக்கெட்டில் இவற்றில் ஏதாவது ஒன்று 10 விழுக்காட்டைத் தாண்டினால் வாசலில் வேண்டாம் என்பது குழுவின் சொந்த நடைமுறைக் கோடு. இது சட்டத்தின் எண் அல்ல என்று எழுத்தில் சொல்லி, கடைக்காரர்களின் ஒப்புதலோடு வைத்தார்கள். 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை உள்ள 250 மில்லி பானத்தில் 27.5 கிராம், அது ஒன்றே 55 விழுக்காடு.

கடலை மிட்டாயில் விவாதம் சிக்கிக்கொண்டது. வெல்லத்தைக் கணக்கெடுத்தால் அதுவும் கோட்டைத் தாண்டும். கடைசியில் 20 கிராம் துண்டை மட்டும் அனுமதித்தார்கள். கணக்குப்படி இது முரண்தான். கடலையில் புரதம் இருக்கிறது, பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்துகிறார்கள் என்ற நியாயத்தில் விட்டார்கள்.

50 மீட்டர் தகராறு

சமவெளியில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மேல் வளைவு மளிகைக் கடைக்கு வாசலிலிருந்து சாலை வழியாகப் போனால் இரண்டு கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 200 மீட்டர். படிக்கட்டில் ஏறினால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. நேர்கோட்டில் இன்னும் கிட்டே.

“சார், வண்டியில வந்து அளந்து பாருங்க, என் கடை அம்பதுக்குள்ள எப்படி வரும்?” என்று கடைக்காரர் கேட்டார். அலுவலரின் பதில்: “அண்ணே, பசங்க வண்டியில வரல, படியில வர்றாங்க.”

செல்பேசி வரைபடத்தில் பார்த்த தூரம் ஒவ்வொரு முறையும் மாறியது. மரங்களுக்கும் சரிவுக்கும் நடுவே அதில் ஐந்து முதல் பத்து மீட்டர் பிழை சாதாரணம். எல்லையில் நிற்கும் கடைக்கு அந்தப் பிழையே தீர்ப்பு. நில அளவரை அழைத்தார்கள். சரிவில் டேப்பைத் தரையோடு இழுத்தால் சாய்தூரம் வரும், அது கிடைத்தூரத்தைவிட நீளம். 30 டிகிரிச் சரிவில் 55 மீட்டர் சாய்தூரம், கிடையாக 48 மீட்டருக்கும் குறைவு. டேப்பை நீர்மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக அளந்ததில் கடை 50 மீட்டருக்குள் வந்தது. வரைபடத்தில் வாசலை மையமாக வைத்து வட்டம் போட்டு, அளவரின் கையெழுத்தோடு கடைக்காரருக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் எதிர்க்கவில்லை.

பேக்கரியில்

நிறம் அதிகமானதற்குக் காரணம் தீய எண்ணம் அல்ல, ‘ஒரு சிட்டிகை’. கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு; விரல் நுனியில் அந்த அளவு பிடிபடாது. சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி நியமன அலுவலர் மேம்பாட்டு அறிவிப்பு (குறையைச் சரிசெய்யச் சொல்லும் அறிவிப்பு) கொடுத்ததோடு, உணவுப் பாதுகாப்பு அலுவலர் கரைசல் முறையையும் சொல்லிக் கொடுத்தார். ஒரு கிராம் நிறப்பொடியை நகைத் தராசில் நிறுத்து, கொதித்து ஆறிய நீரில் கரைத்து 100 மில்லியாக்க வேண்டும். அதில் 10 மில்லியில் 100 மில்லிகிராம். ஒரு கிலோ பூச்சுக்கு 5 மில்லிக்கு மேல் போகாமலிருந்தால் வரம்பில் பாதியில் நிற்கலாம். கரைசலைக் குளிரில் வைத்து, ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டு நிறம் கலந்தால் இரண்டும் சேர்ந்துதான் 100. ஒவ்வொன்றுக்கும் தனியாக அல்ல. பலர் தவறுவது இங்கேதான்.

ரொட்டியில் இன்னொரு பழக்கம் தெரிந்தது. மழை மாதங்களில் பூஞ்சை பிடிப்பதால் ‘கால்சியம்’ என்று அவர்கள் சொல்லும் கால்சியம் புரோப்பியனேட்டை (282) கூட்டிக்கொண்டே போயிருந்தார்கள். உச்சவரம்பு கிலோவுக்கு 5 கிராம். அதைத் தாண்டவில்லை, நெருங்கியிருந்தது. கூடினால் ஈஸ்ட் மந்தமாகும், மாவு எழும்பாது, ஈஸ்ட்டைக் கூட்ட வேண்டிவரும். உண்மையான காரணம் வேறு. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைக் குளிரில் சீக்கிரம் ஆறிவிட்டதாக நினைத்து உறையில் போட்டார்கள். தோல் ஆறியிருந்தது, நடுப்பகுதி ஆறவில்லை, உறைக்குள் வியர்த்தது. கம்பி அடுக்கில் மூன்று மணி நேரம் ஆறவிட்டு உறையிட்டதும் கிலோ மாவுக்கு 2 கிராம் போதுமானதாயிற்று.

கிரீம் பன்னில் விதிமீறல் எதுவும் இல்லை. வனஸ்பதியின் டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரி முதல் இருக்கும் 2 விழுக்காட்டு வரம்புக்குள் இருந்தது. அந்த வரம்பு நல்ல காரியம்தான், இதயத்துக்கு. ஆனால் கொழுப்பு எந்த வகையானாலும் கிராமுக்கு 9 கிலோகலோரி. 60 கிராம் பன்னில் சுமார் 170. நடுவில் 40 கிராம் கிரீமில் 22 கிராம் சர்க்கரையும் 18 கிராம் கொழுப்பும், சுமார் 250. மொத்தம் 420. கிரீமை 15 கிராமாகக் குறைத்தால் 265க்கு இறங்கும். பேக்கரிக்காரர் விலையையும் குறைத்து ‘சின்ன கிரீம்’ என்று போட்டார். பக்கத்திலேயே, பெட்டிக்கடை அம்மா காலையில் சூடான பட்டாணிச் சுண்டல் போட ஆரம்பித்தார். முதல் நாட்களில் அது விற்கவில்லை. எட்டரைக்குள் ஆறி மாவு போல ஆகிவிட்டது. சுடுநீர் அடியில் நிற்கும் இரட்டைப் பாத்திரத்தில் வைத்த பிறகே ஓடியது. குளிரில் சூடுதான் விளம்பரம்.

பின் விளைவுகள்

முதல் பருவத்தில் உறைகள் குறைந்தன. இரண்டாம் பருவத்தில் எண்ணிக்கை மறுபடி ஏறியது, ஆனால் உறைகள் சிறியவை. குழுவின் 10 விழுக்காட்டுக் கோடு பாக்கெட் கணக்கில் இருந்ததால், வியாபாரிகள் பெரிய பாக்கெட்டை எடுத்துவிட்டு 5 ரூபாய்ச் சிறு பாக்கெட்டைத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொன்றும் கோட்டுக்குள், பிள்ளை வாங்கியது மூன்று. கோட்டை 100 கிராம், 100 மில்லி கணக்குக்கு மாற்றி எழுதிய பிறகு அது நின்றது.

எனர்ஜி டிரிங்க் வாசலிலிருந்து போய்விட்டது. ஆனால் 50 மீட்டர் வட்டத்துக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தில் இருக்கும் கடையில் அதன் விற்பனை கூடியதைச் சப்ளை வண்டிக்காரரே சொன்னார். விதியால் அந்தக் கடையைத் தொட முடியாது. தள்ளுவண்டி திரும்பி வந்தது, பதிவு எண்ணோடும் பெட்டி லேபிளோடும்.

அடுத்த ஆண்டு அதே மாதம், அதே தராசு, அதே முறை. அதிக எடையுள்ளவர்களின் பங்கு சற்றுக் குறைந்திருந்தது. பத்தாம் வகுப்பு வெளியே போய் ஆறாம் வகுப்பு உள்ளே வந்த பள்ளியில், ஒப்பிட இன்னொரு பள்ளி இல்லாமல், அந்தக் குறைவை நடவடிக்கையின் பலன் என்று எழுத மருத்துவர் மறுத்துவிட்டார். வாங்கும் பழக்கம் மாறியது என்பதற்கு உறைகள் சாட்சி. எடை மாறியது என்பதற்குச் சாட்சி இல்லை. அறிக்கையில் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வைத்தது சரியான செயல்.

மாற்ற வேண்டியவை

இதையே இன்னொரு பள்ளியில் செய்வதானால், முதல் வேலையாகக் காலைப் பசியை எடுத்துக்கொள்ள வேண்டும். உறைகளைப் பொறுக்கும் முன்பே வண்டி நேரத்தைக் கேட்டிருந்தால் கிரீம் பன் அப்போதே கண்ணில் பட்டிருக்கும். கோட்டைத் தொடக்கத்திலிருந்தே 100 கிராம் கணக்கில் வைக்க வேண்டும். குட்டிப் பொட்டலம் விற்பவர் அட்டைப் பெட்டியைக் கிழிக்காமல் கடையில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் சேர்க்கலாம். கேட்பவருக்குக் காட்ட அது ஒன்றுதான் வழி.

அளவீட்டுக்கு, நடவடிக்கை தொடங்காத பக்கத்துப் பள்ளி ஒன்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். வகுப்புச் சராசரியை ஒப்பிடுவதற்குப் பதில், ஆறாம் வகுப்பில் நுழையும் ஒவ்வொரு பிள்ளையையும் பத்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு இருமுறை தொடர்ந்து அளக்க வேண்டும். பஸ் நிறுத்தக் கடைக்குச் சட்டம் எட்டாது. அங்கே எனர்ஜி டிரிங்கை மாணவர் சீருடையில் வருபவருக்குக் கொடுக்க வேண்டாம் என்ற கோரிக்கையை வியாபாரிகள் சங்கத்திடம் குழு வைத்திருக்கிறது. இதை எழுதும்வரை பதில் வரவில்லை.